சாம்பலை நேராக மண்ணில் கொட்டலாமா?

நாசரேத்துக்காரன்:
கிறிஸ்தவக் கோயில் தோட்டத்தில் அஸ்தியைப் புதைப்பது ரோஜாவுக்கு உரம் போடுகிற வேலை என்று பக்கத்து விவாதத் திரியில் ஒரு மேதை எழுதியிருக்கிறார். எரித்த எலும்புச் சாம்பலில் காரமும் உப்பும் அதிகம். செடிக்குப் போட்டால் செடிதான் செத்துப்போகும். இங்கிலாந்தில் நான் போகிற கோயிலில் சுவரோரம் புல்லைச் சதுரமாக வெட்டி எடுப்பார்கள். ஐயர் (எங்கள் போதகர்) ஜெபம் சொல்லிச் சாம்பலை நேராகக் குழியில் கொட்டுவார். மண்ணை மூடி, அதே புல்லை மேலே வைத்து அமுக்கிவிடுவார்கள். தனிக் கல் கிடையாது. கோயிலுக்குள் இருக்கும் புத்தகத்தில் பெயர் ஏறும்.

பூண்டிமாதா பிள்ளை:
அந்த மேதை நான்தான். நேராகவா? கலசம் எங்கே? தூவக் கூடாது, பிரிக்கக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது என்று 2016லேயே வத்திக்கான் சொல்லியாகிவிட்டது.

நாசரேத்துக்காரன்:
குழியில் கொட்டி மூடுவது தூவுவதா? 1963 வரை எரிக்கவே விடாதவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். 1944ல் இறந்த கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளையே எரித்து, பேராலயத் தோட்டத்தில்தான் சாம்பலை அடக்கம் செய்தார்கள்.

பூண்டிமாதா பிள்ளை:
கலசத்தோடா, கலசமில்லாமலா?

சும்மா பார்வையாளர்:
ஐயா, இருவரும் எந்தச் சபையின் விதியைப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்களேன்.

நாசரேத்துக்காரன்:
நான் இங்கிலாந்துத் திருச்சபை, பூண்டியார் கத்தோலிக்கர். கலசம் கலசம் என்று பிடித்துக்கொண்டு தொங்குகிறார். போன மாதம் ஞானஸ்நானத் திரியிலும் இப்படித்தான், தொட்டியின் ஆழத்தை விடவே இல்லை. பிரதிஷ்டை செய்த மண்ணில் அடக்கம் செய்ததைத் திரும்ப எடுக்க எங்கள் சபையின் திருமண்டல நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 2002ல் பிளாக்டன் கல்லறைத் தோட்ட வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: விதிவிலக்கான காரணம் இருந்தால்தான். எடுக்கப் போவதில்லை, அப்புறம் கலசம் எதற்கு?

பூண்டிமாதா பிள்ளை:
கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியை எங்கே ஏற்றுவது? புல்லிலா? என் அம்மா எங்கே கிடக்கிறார் என்று நான் விரல் நீட்டிக் காட்ட வேண்டாமா? கலசம் இருந்தால் இடம் தெரியும்.

கிழக்குத்தெரு:
பூண்டியாரே, பல பேருடைய சாம்பலைப் பொது இடத்தில் சேர்த்து வைக்க 2023 டிசம்பரில் உங்கள் வத்திக்கானே அனுமதித்துவிட்டதே.

பூண்டிமாதா பிள்ளை:
ஒவ்வொருவர் பெயரும் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். பாதியை விழுங்குவது உமக்குப் பழக்கம்.

நாசரேத்துக்காரன்:
பெயர் புத்தகத்தில் இருக்கிறது என்று மேலே எழுதினேனே, கண்ணில் படவில்லையா? நீங்கள் கேட்கும் மாதிரிக் கலசம் வைத்தால் அதைச் சுற்றிக் கல், கல்லைச் சுற்றி வேலி, வேலியில் பிளாஸ்டிக் பூ. அதையெல்லாம் எங்கள் கோயிலில் விடுவதில்லை.

கிழக்குத்தெரு:
நவம்பரில் பாப்பிப் பூ மட்டும் வைக்க விடுகிறார்களே. அது என்ன, செடியிலா பூத்தது?

நாசரேத்துக்காரன்:
பாப்பி போரில் செத்தவர்களுக்கு. தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம்.

கிழக்குத்தெரு:
மற்றவர்கள் மட்டும் சளி பிடித்தா செத்தார்கள்?