இங்கிலாந்து கிராமத்து சர்ச்சுக்கும் நம்ம ஒற்றியூர் கோயில் விமானத்துக்கும் ஒரே மாதிரி முதுகு எப்படி?

தேரடிக்காரன்:
திருவொற்றியூர் தேரடியில் பிறந்து வளர்ந்து, 64 வயதில் முதல்முறையாக விமானம் ஏறியவன் நான். மகள் இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு ஊரில் நர்ஸ். போன மாதம் லீவு கிடைத்த ஒரு நாள், அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும் கில்பெக் என்ற கிராமத்துக்குக் காரில் கூட்டிப் போனாள். கொஞ்சம் வீடுகள், ஆடு மேயும் வயல், இடிந்த கோட்டை மேடு, பக்கத்தில் ஒரு குட்டி சர்ச். 1140 வாக்கில் கட்டியதாம்.

உள்ளே போவதற்கு முன்னால் வெளியே ஒரு சுற்று சுற்றினேன். பழக்க தோஷம், கால் தானாகவே வலம் வந்துவிட்டது. "அப்பா, இது பிரகாரம் இல்லை" என்று மகள் சிரித்தாள். கிழக்குக் கோடிக்குப் போனதும் நின்றுவிட்டேன். சுவர் மூலையே இல்லாமல் அரைவட்டமாகத் திரும்புகிறது. நம்ம ஆதிபுரீஸ்வரர் விமானத்தின் பின்பக்கம் அப்படியே! கல் மட்டும் வேறு. இங்கே கருங்கல், அங்கே காவி நிறத்தில் மணற்கல்.

கூரைக்குக் கீழே சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கல் முண்டுகளில் தலைதலையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 85 மிச்சம் இருக்கிறதாம். ஒரு நாயும் முயலும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு, ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி. இன்னொன்று ஒரு பெண் உருவம். எழுதக் கூச்சமாக இருக்கிறது. மகள் பக்கத்தில் நின்றதால் நான் வானத்தைப் பார்த்தேன்.

இதை டீக்கடையில் சொன்னால், "சோழன் கப்பல் அங்கேயும் போயிருக்கும்" என்கிறான் ஒருத்தன். அது கிடக்கட்டும். இந்த வளைவு நிஜமாக எங்கிருந்து வந்தது?

கல்லுளிமங்கன்:
ஐயா, திருப்பணிகளில் அளவெடுக்கும் வேலையில் இருக்கிறேன். டீக்கடைக்காரர் சொல்வது வேண்டாம். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை.

நம்முடையது கஜபிருஷ்டம், ஆனையின் முதுகு. தமிழில் தூங்கானை மாடம். பெண்ணாகடம் கோயிலை அந்தப் பெயரிலேயே சம்பந்தர் பாடியிருக்கிறார். தொண்டை மண்டலத்தில் இந்த வடிவம் கொஞ்சம் அதிகம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர், திருத்தணி வீரட்டானேஸ்வரர், மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம். அந்த ரதத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆனையையும் செதுக்கி வைத்திருக்கிறான், சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள் என்பது போல. ஒற்றியூர் விமானம் ராஜேந்திர சோழன் காலத்தது. கட்டியவன் பெயரே கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். கட்டச் சொன்னவர் ஒற்றியூர் மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதர். கில்பெக்குக்கு நூறு வருஷம் மூத்தது.

இதற்கும் பழையது மகாராஷ்டிரத்துக் கார்லே போன்ற பௌத்தக் குகைகள். கோடியில் ஸ்தூபி, அதாவது பௌத்தர்கள் வணங்கும் கல்மேடு, அதை வலம் வர வசதியாக அரைவட்டம். ஆக நம் பக்கம் வளைவுக்குப் பிழைப்பே வலம்தான். உங்கள் கால் தப்புச் செய்யவில்லை.

அவர்களுடையது ரோமாபுரியிலிருந்து வந்தது. அங்கே பசிலிக்கா என்றால் வழக்கும் வியாபாரமும் நடக்கும் நீள மண்டபம். கோடியில் அரைவட்ட மாடம், அதில் நீதிபதி உட்காருவார். 4-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அந்த மண்டப வடிவத்தை எடுத்துக்கொண்டு, நீதிபதி இடத்தில் பூசை செய்யும் பீடத்தை வைத்தார்கள். இங்கிலாந்தில் பிற்பாடு இந்த வளைவை இடித்துச் சதுரமாக நீட்டிக் கட்டுவதே வழக்கமாகிவிட்டது. கில்பெக் தப்பித்தது பெரிய விஷயம்.

ஒரு வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? ஒற்றியூரில் சுவாமி கிழக்கே பார்க்கிறார், வளைவு மேற்கே. அங்கே ஜனங்கள் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள், வளைவு கிழக்கே. இங்கே வளைவுக்குப் பின்னால் நின்றால் சுவாமியின் முதுகு. அங்கே நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் பீடம்.

கூரையடித் தலைகளுக்கு நம்மிடம் உள்ள உறவு பூதகண வரி. கபோதத்துக்கு, அதாவது வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்புக்குக் கீழே பல்லிளித்துக்கொண்டு, வயிறு தள்ளிக்கொண்டு ஒரு வரிசை இருக்குமே, அதேதான். அந்தப் பெண் உருவத்தை திருஷ்டிக்கு என்று சொல்பவர்களும் உண்டு. கூச்சப்பட வேண்டாம், நம் மண்டபத் தூண்களை உற்றுப் பார்த்தவர்கள் யாரும் கூச்சப்படுவதில்லை.

ராயபுரத்துக்காரி:
அண்ணே, நான் ராயப்பர் கோயில் பங்கு, அதாவது அந்த சர்ச்சைச் சேர்ந்தவள். கல்லுளி தம்பி கல்லை மட்டும் பார்க்கிறார், நான் கணக்கைச் சொல்கிறேன்.

பங்கு என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் விளைச்சலில் பத்தில் ஒன்று கோயிலுக்கு. தசமபாகம். தானியம், கம்பளி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றிலும். அதை வாங்குகிறவர் பீடம் இருக்கும் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டும். ஜனங்கள் நிற்கும் நீள மண்டபம் ஜனங்கள் பொறுப்பு. அதனால்தான் பல கிராமத்துக் கோயில்களில் ஒரு பாதி ஒரு காலத்துக் கட்டுமானம், மறுபாதி வேறு காலம். யாரிடம் எப்போது காசு இருந்தது என்று கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் பங்கில் ஓடு மாற்ற நடந்த சண்டை நினைவுக்கு வருகிறது, அதை எழுதினால் எங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

உள்ளே வெள்ளைச் சுவரைப் பார்த்து எளிமை என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கோயில்களின் சுவரெல்லாம் படங்கள் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்தபோது சுண்ணாம்பு அடித்து மூடினார்கள். கில்பெக்கும் அப்போது பூசை நடந்த கத்தோலிக்கக் கோயில், இப்போது ஆங்கிலிக்கன், அதாவது அப்படிப் பிரிந்த இங்கிலாந்துச் சபை.

தெற்கு வாசலைப் பார்த்தீர்களா?

தேரடிக்காரன்:
பார்த்தேன் தங்கச்சி. மேலே வளைவுக்குள் கொடியாய்ப் படர்ந்த ஒரு மரம். இடது தூணில் இரண்டு சிப்பாய்கள், கொடிகளுக்குள் சிக்கிக்கொண்டு, தொளதொள கால்சட்டையோடு. காசிமேட்டில் வலையிலிருந்து காலை விடுவிக்கிறவன் நிற்பது போல இருந்தது, அதனால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, நேற்று சாயந்திரம் ஒற்றியூரில் வளைவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் கடந்து போயிருக்கிறேனே தவிர, அங்கே நின்றதில்லை. புறா எச்சத்துக்கு மேலே பூதங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த அம்மா "நகருங்க, சுத்தணும்" என்று சொல்லிவிட்டார்.