கொடைக்கானல் வீட்டை நாள் வாடகைக்கு விடுவதா, மாத வாடகைக்கு விடுவதா?

மதுரைவாசி:
அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட தனி வீடு ஒன்றை, பாதிக்கு மேல் வங்கிக் கடனில், முதலீடாக வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும் மதுரையில் வேலை பார்ப்பதால் அங்கே குடிபோகும் எண்ணம் இல்லை. ஆசிரியர் குடும்பம் ஒன்று மாதம் 16,000 ரூபாய்க்குக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, இணையதளத்தில் பதிந்து நாள் வாடகைக்கு விட்டால் சீசனில் ஓர் இரவுக்கே 4,000 ரூபாய் கிடைக்கும் என்கிறார். எதை நம்பி முடிவெடுப்பது?

மலையடிவாரம்:
ஐயா, நான் அதே ஊரில் தங்கும் விடுதி நடத்துகிறவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓர் இரவு வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்க்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் தொடர் விடுமுறை நாட்களிலும் அறை கேட்டு அலைவார்கள். ஜூலையிலோ நவம்பர் மழையிலோ வார நாட்களில் ஆளே வராது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்கள் இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டிய இ-பாஸ் அனுமதி நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். நாம் நம்பியிருக்கும் அந்த இரண்டு மாதத்துக்கே வரம்பு வந்துவிட்டது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாதத்தில் எட்டு இரவு நிரம்பினால் 32,000 ரூபாய். அதிலிருந்து தளத்தின் கமிஷன், பார்த்துக்கொள்பவரின் சம்பளம், கேஸ், கோடையில் லாரித் தண்ணீர், சலவை எல்லாம் போக வேண்டும். சலவை சிறிய செலவு என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே போர்வை இரண்டு மூன்று நாளானாலும் காயாது. ஈர வாடையோடு விரித்துவிட்டால் விருந்தினர் அன்றிரவே புகார் எழுதுவார். ஆகவே ஒரு கட்டிலுக்கு மூன்று செட்டாவது கையிருப்பு வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் சுவரோரம் பூஞ்சை ஏறுவதும் உண்டு. இரவு பதினோரு மணிக்கு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தால், மதுரையிலிருந்து நீங்கள் என்ன செய்ய முடியும்?

அதைவிட முக்கியமானது அனுமதி. குடியிருப்பாக அனுமதி பெற்று விடுதியாக நடத்திய கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவுப்படி பூட்டி முத்திரையிடப்பட்ட ஊர் இது. கட்டட வரைபட அனுமதியில் என்ன பயன்பாடு எழுதியிருக்கிறது என்பதை நகராட்சியில் முதலில் பாருங்கள். வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைப்பதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் தரும் ஹோம்ஸ்டே அங்கீகாரத்துக்கோ உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அங்கே வசிக்காததால் அந்த அங்கீகாரம் உங்களுக்குக் கிடைக்காது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த இடத்திலேயே நம்பகமான ஆள் இல்லாத நிலையில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆசிரியர் குடும்பத்துக்கே கொடுப்பேன்.

கணக்கர்:
வரி குறித்து மட்டும் சொல்கிறேன். மாத வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டும்போது, சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம், உண்மையில் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழிவாகக் கிடைக்கும். கடன் வட்டியையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் புதிய வரி முறையில், அதனால் வரும் நட்டத்தைச் சம்பள வருமானத்தோடு சரிக்கட்ட முடியாது. சேவைகளோடு நாள் வாடகைக்கு விடுவது பொதுவாகத் தொழில் வருமானம். அங்கே அந்த 30 சதவீதம் கிடையாது. ரசீது உள்ள செலவையும், கட்டடம், பொருட்களின் தேய்மானத்தையும் மட்டுமே கழிக்கலாம். குடியிருக்க, ஜிஎஸ்டி பதிவு பெறாத தனிநபருக்கு விடும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. இணையதளம் வழியாக அறையாக விட்டால், உங்கள் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் என்ற ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழே இருந்தாலும் தளமே விருந்தினரிடம் வரி வசூலிக்கும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். மின் இணைப்பையும் கவனியுங்கள். வீட்டு இணைப்பில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அபராதம் வரும்.

மதுரைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். ஆசிரியர் குடும்பம் மே மாதம் சொந்த ஊருக்குப் போய்விடுமாம். அந்த ஒரு மாதம் மட்டும் வீட்டை நாள் வாடகைக்கு விட்டுக்கொள்ளலாமா?

மலையடிவாரம்:
அவர்களுடைய பண்டபாத்திரம் உள்ளே இருக்கும்போது அது அவர்களுடைய வீடு, ஐயா. வாடகை வாங்கிக்கொண்டு அப்படிச் செய்ய இயலாது. மே மாத வாடகையைத் தள்ளுபடி செய்தாலும் குடும்பத்தோடு இருப்பவர்கள் ஒப்புவது அரிது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, 11 மாதமானாலும் எழுத்துவடிவ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மே மாதத்து வருமானம் அவசியம் என்றால், தனியாக இருக்கும் ஆசிரியராகப் பார்த்து, ஜூன் முதல் ஏப்ரல் முடிய என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்போதும் நகராட்சி அனுமதியை முதலில் பார்த்துவிட்டுத்தான் மே மாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.