கர்சன் பிரபுவின் பட்டம் முடிந்துபோனதா, இன்னும் ஓடுகிறதா?

கேள்வி:
வங்காளத்தைப் பிரித்த கர்சன்தான். 1925இல் அவர் இறந்ததோடு மார்க்குவிஸ் பட்டம் (பிரிட்டிஷ் பிரபுக்களின் படிநிலையில் மேலிருந்து கீழாக மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று வரும்) வாரிசில்லாமல் முடிந்தது என்று ஒரு இடத்தில் படித்தேன். இன்னொரு இடத்தில் மூத்த மகள் ஐரீனுக்கு ஒரு பட்டம், தம்பி மகனுக்கு ஒரு பட்டம் போனதாக இருக்கிறது. எது சரி?

பதில்:
இரண்டும் சரி. மனிதர் கையில் இருந்தது ஒரு மூட்டைப் பட்டங்கள். ஒவ்வொன்றும் யாருக்குப் போகும் என்று கொடுக்கும்போதே சாசனத்தில் எழுதிவிடுவார்கள், பெரும்பாலும் நேர் ஆண் வாரிசுக்கு மட்டும். கர்சனுக்கு மூன்றும் பெண்கள். 1911இல் ஏர்ல் ஆனபோது கூடவே வந்த இரண்டு பட்டங்களுக்குத் தனி ஏற்பாடு செய்தார்கள்: ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட் பட்டம் அவருடைய அப்பா வழி ஆண்களுக்கு, ரேவன்ஸ்டேல் பாரன் பட்டம் மகள்களுக்கும் அவர்களுடைய ஆண் வாரிசுகளுக்கும். ஏர்ல் பட்டத்துக்கோ 1921இல் கிடைத்த மார்க்குவிஸ் பட்டத்துக்கோ அந்தச் சலுகை இல்லை, அவரோடு போய்விட்டன.

இன்னொரு பதில்:
1898ஐ விட்டுவிட்டீர்கள். வைஸ்ராயாகக் கிளம்பும்போது அயர்லாந்து வரிசையில் (அயர்லாந்துப் பெயரில் கொடுக்கும் பட்டங்கள்) ஒரு பாரன் பட்டம் வாங்கிக்கொண்டார், ஏனென்றால் அந்த வரிசைப் பிரபுக்கள் தேர்தலில் ஜெயித்துப் போகும் காமன்ஸ் சபைக்கு நிற்கலாம், ஊர் திரும்பினால் அரசியலுக்கு வழி அடைபடாது. கெட்டிக்காரர். அந்த வரிசையில் புதிதாக உருவான கடைசிப் பட்டமும் அதுதான். அதுவும் 1925இல் முடிந்தது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஐரீன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தாரா?

பதில்:
அப்பா கொடுத்த பட்டத்தை வைத்து முடியவில்லை. பரம்பரைப் பட்டம் உள்ள பெண்களுக்கு 1963 வரை அங்கே இடமே கிடையாது. 1958இல் ஆயுள்காலப் பட்டம் கொடுத்தார்கள், அப்படி நுழைந்த முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். இதில் வேடிக்கை, பெண்களுக்கு ஓட்டுரிமையே கூடாது என்று நடந்த சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் அவருடைய அப்பா!

1966இல் ஐரீன் இறந்ததும் ரேவன்ஸ்டேல் பட்டம் தங்கை சிந்தியாவின் மகன் நிக்கோலஸ் மோஸ்லிக்குப் போனது. நாவலாசிரியர். அவருடைய அப்பா யார் தெரியுமா, பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி. நிக்கோலஸ் 2017இல் இறந்தார், இப்போது பட்டம் அவருடைய பேரனிடம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
சரி, கர்சன் குடும்பத்தின் கெடில்ஸ்டன் மாளிகை என்ன ஆனது?

பதில்:
ஸ்கார்ஸ்டேல் பட்டத்தோடு தம்பி மகன் பக்கம் போனது. 1987இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு எடுத்துக்கொண்டது. கல்கத்தா ஆளுநர் மாளிகையைப் பார்த்திருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும், கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி காலத்தில் கெடில்ஸ்டனை மாதிரியாக வைத்துத்தான் கல்கத்தா மாளிகையைக் கட்டினார்கள்.