புதுப்பிப்பு: தம்பிக்குச் சட்டத்தரணி கிடைத்தார்

வீடுடைத்துத் திருடியதாகக் கைதான என் தம்பிக்காக யாரை நாடுவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே, இலங்கையின் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்கு, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் மழையில் மை கலைந்த அம்மாவின் சம்பளத் துண்டோடும் போனோம். வருமானத்தைப் பார்த்துக் கட்டணமின்றி வழக்கை ஏற்றார்கள்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அவன் வாசிக்காமலே ஒப்பமிட்டிருந்ததுதான் எங்களை உறங்கவிடவில்லை. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சட்டத்தரணி விளக்கியபோது, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நீதவான் பிணை வழங்கிவிட்டார். பிணை நின்ற இருவரில் ஒருவர் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியப்பா. வழக்கு தொடர்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டிருக்கிறோம்.