அமெச்சூர் றேடியோவில் 5 வொட்டில் எழுதிக் கதைத்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்

கல்லடியில் இருந்து:

2017இல் எஃப்டி8 என்ற கணினி வழி முறை வந்த பிறகு நம்ம ஆக்களில் பலர் மற்ற டிஜிட்டல் முறைகளை மறந்தே போனார்கள். அதில் தொடர்பு கிடைக்கிறது, உண்மைதான். 15 விநாடிக்கு ஒரு தடவை அழைப்புக்குறியும் சிக்னல் அளவும் போய் வரும், பதிவேட்டில் ஒரு நாடு கூடும். ஆனால் அந்தப் பக்கம் இருந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று ஒன்றும் தெரியாது. எனக்கு ஆளோடு கதைக்க வேண்டும். அதனால் தட்டச்சிட்டுக் கதைக்கும் பிஎஸ்கே31 முறையை இன்றைக்கும் விடவில்லை.

வளவில் இரண்டு தென்னைக்கு நடுவே 20 மீற்றர் அலைவரிசைப் பட்டைக்கான டைபோல் அன்டெனா, பக்கத்துக்கு 5 மீற்றர் வயர். றேடியோவில் 5 வொட். இதே 5 வொட்டில் குரலில் கூப்பிட்டால் பதில் வருவது அபூர்வம். குரலுக்கு 2,400 ஹேர்ட்ஸ் அளவு அகலம் வேண்டும். பிஎஸ்கே31 அந்தச் சக்தி முழுவதையும் 31 ஹேர்ட்ஸ் அளவுக்குள் ஒடுக்கி அனுப்புகிறது. 1998இல் இதை வெளியிட்ட பீட்டர் மார்ட்டினெஸ், வேகத்தையும் மனிதர் தட்டச்சிடும் வேகத்துக்கே அளந்து வைத்தார், நிமிடத்துக்கு 50 சொல் அளவில். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த பிட், ஆங்கிலப் பெரிய (கப்பிட்டல்) எழுத்துகளுக்குக் கூடிய பிட். எனவே சின்ன எழுத்திலேயே தட்டுங்கள், விரைவாகப் போகும்.

ஒரு மாலை 14.070 மெகாஹேர்ட்ஸில் என் அழைப்புக்குப் பதில் வந்தது. வைபி6 என்று தொடங்கும் குறி, சுமாத்திராவின் வடக்கு. ஆச்சேக்காரர். பெயர், ஊர், அன்டெனா என்று வழக்கமான விபரங்கள் முடிந்ததும், என் வீட்டில் இருந்து கடலுக்கு நடந்தே போகலாம் என்று எழுதினேன். "2004இல் சுனாமி உங்களுக்கும் வந்ததா?" என்று கேட்டார்.

நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று ஊர்ப் பெயர்களைத்தான் முதலில் எழுதினேன். அவரும் தன் பக்கத்துக் கிராமங்களை எழுதினார். அங்கே அரை மணித்தியாலத்துக்குள் அலை ஏறிவிட்டது. எங்கள் கரைக்கு வர 2 மணித்தியாலம் அளவு எடுத்தது. அதை நான் எழுதியதும் அவர் பக்கம் எழுத்து நின்றது.

பிஎஸ்கே31இல் கை தட்டச்சை நிறுத்தினாலும் சிக்னல் நிற்காது. இரண்டு சுரமாக ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் தண்டவாளம் போல இரண்டு கோடு தெரியும். அந்தக் கோடுகள் அப்படியே இருந்தன, ஆள் போகவில்லை. பிறகுதான் வந்தது: "எங்களுக்கு முதலில் தெரியும். உங்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை."

குரலில் என்றால் அந்த இடைவெளியை நான் எதையாவது பேசி நிரப்பியிருப்பேன். அவரும் இந்த வசனத்தைச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இன்னும் அவரோடு தொடர்பு இருக்கிறது. பெரும்பாலும் மீன் விலையும் மழையும்தான் கதைப்போம்.

அக்கரைப்பற்றில் இருந்து:

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் கரையிலும் அதே கதைதான்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். மஃரிபுக்குப் பிறகு பிஎஸ்கே31 எழுத்துகள் குப்பையாக வருகிறது என்று இங்கே பலர் கேட்கிறார்கள். சிக்னல் பலமாக இருந்தாலும் அப்படித்தான் வரும். நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். பொழுது பட்டதும், முக்கியமாக மார்ச், செப்டெம்பர் காலத்தில், மேலே சிக்னலைத் திருப்பி அனுப்பும் அயனமண்டலம் குழம்பி சிக்னல் நடுங்கும். பிஎஸ்கே31 எழுத்தை அலையின் கட்ட (phase) மாற்றத்தில் வைப்பதால் அந்த நடுக்கத்தைத் தாங்காது. ஒலிவியா என்ற முறைக்கு மாறுங்கள். பாவெல் யலோகா உருவாக்கியது. 8 சுரம், 250 ஹேர்ட்ஸ் அகலம், பிழைதிருத்தமும் சேர்ந்தே போகும். நிமிடத்துக்கு 15 சொல் அளவுதான், ஆனால் காதுக்கே கேட்காத சிக்னலில் இருந்து முழு வசனம் வரும். போன மாரியில் பாடசாலை ஆசிரியரான ஒரு ஜப்பானியரோடு இப்படித்தான் நெல் விதைப்புப் பற்றிக் கதைத்தேன். எங்கள் பக்கம் பெரும்போகத்துக்கு நாற்று நடாமல் வீசி விதைப்பதை அவர் நம்பவே இல்லை!

வாகரையில் இருந்து:

நான் சோலார் பெற்றரியில்தான் செய்கிறேன். ஜேஎஸ்8 முறையில் கூடுதலாக ஒரு வசதி: ஆள் மேசையில் இல்லாவிட்டாலும் அவருக்கான செய்தியை இன்னொரு நிலையத்தில் விட்டுவைக்கலாம். கடலுக்குப் போய் வருகிற எனக்கு இது பெரிய உதவி. இன்னொன்று, மட்டக்களப்பு, கல்முனை ஆக்கள், உலக வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்ததில், என்ஜே07 கட்டம், வாகரை என்ஜே08. இந்தக் கட்டத்துக்காகவே தேடி வந்து கூப்பிடுகிறார்கள், பிறகு நின்று கதைக்கவும் செய்கிறார்கள்.

கல்லடியில் இருந்து:

நானா, ஒலிவியா இன்றைக்கே போட்டுப் பார்க்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: கணினியின் ஒலியளவைக் கூட்டாதீர்கள். றேடியோவின் ஏஎல்சி மீற்றரில் முள் அசையாத அளவு போதும். கூட்டினால் சிக்னல் பக்கவாட்டில் பரவி, அருகில் கதைக்கிறவர்களின் எழுத்தையும் கெடுக்கும்.

20 மீற்றர் பட்டையில் கல்லடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஒன்றும் கேட்காது, நம் தலைக்கு மேலால் தாண்டிப் போய்விடும். பகலில் 40 மீற்றர் பட்டைக்கு வாங்க, ஞாயிறு அஸருக்குப் பிறகு நான் அங்கே இருப்பேன். வாகரைத் தம்பியும் வரட்டும்.