தம்பி படிப்பை விட்டுவிட்டு விளையாடப் போகலாமா? ஆலோசனை தேவை

மட்டக்களப்பு உறவுகளுக்கு வணக்கம். என் தம்பி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறான். நல்ல உதைபந்தாட்ட வீரன். வெபர் மைதானத்தில் அவன் ஆடியதைப் பார்த்த கொழும்புக் கழகம் ஒன்று, ஒரு வருட ஒப்பந்தத்துடன் அழைக்கிறது. படிப்பை விட்டுவிட்டு உடனே வர வேண்டுமாம்.

அப்பா போகச் சொல்கிறார். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதுகூட இல்லை. எனக்கோ அந்த ஒப்பந்தத் தாளில்தான் கண். சம்பளம், தங்குமிடம், அபராதம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சம்பளம் தொடருமா என்று ஒரு வரி இல்லை. போன வருடம் வலது முழங்காலில் பட்ட அடிக்கு இன்றும் பட்டி கட்டிக்கொண்டுதான் ஓடுகிறான்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் டிம் டங்கன் நான்கு வருடப் படிப்பையும் முடித்த பிறகே 1997இல் என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டித் தொடருக்குப் போனார். லெப்ரோன் ஜேம்ஸ் 2003இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகவே போனார். இருவரும் சிகரம் தொட்டவர்கள். ஆனால் அங்கே புழங்கும் பணம் வேறு; இங்கே உதைபந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதற்காக அவனைக் கட்டிப்போடவும் மனம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிப்பை ஒத்திவைத்து, பின்பு தொடர்ந்தவர்கள் இருக்கிறீர்களா? யாரிடம், எப்படி விண்ணப்பித்தீர்கள்? கொழும்புக் கழகங்களில் விளையாடிய மட்டக்களப்பு, அம்பாறை அண்ணன்மாரே, காயத்துக்கான வரியைச் சேர்க்கச் சொன்னால் ஏற்பார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.