கோன் ஸ்டாண்ட் (நூல்கோன் நிக்கிற தாங்கி) படுத்தின பாடு: எம்ப்ராய்டரி மெஷின்காரங்க அனுபவம் சொல்லுங்க

ஜெய்ஹிந்த்புரம் பிளவுஸ் கடை

வைகாசி முகூர்த்த நேரம். கல்யாண பிளவுஸ், கையில மாங்கா, முதுகுல மயில். நாலு ஹெட் (தைக்கிற தலை) மெஷின்ல மூணாவது ஹெட், ஏழாம் ஊசி மட்டும் நூலை அறுத்துக்கிட்டே இருக்கு. சர்வீஸ்காரர் வந்தார். நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் குமிழைத் திருகினார், ஊசியை மாத்தினார், அடியில நூலைப் பிடிக்கிற ஹூக்கைத் தடவினார், காசை வாங்கிட்டு வண்டியைக் கிளப்பினார். தெரு முக்குத் திரும்பியிருக்க மாட்டார், மறுபடி அறுந்துச்சு.

பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியா வந்த பெரியவர் ஒருத்தர், மதுரை செல்லூர்ல தறி ஓட்டினவர், எங்க சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார். ஊசிப் பக்கம் அவர் குனியவே இல்லை. கோன் ஸ்டாண்டை அண்ணாந்து பார்த்துட்டு, ஏழாம் நூலை டென்ஷனுக்கு முன்னாடியே பிடிச்சு மெதுவா இழுத்தார். ஆபரேட்டர் பையன் விரலை எடுத்து அந்த நூல் மேல வச்சார். "சுத்துக்கு ஒரு வெட்டு வெட்டுது பாரு தம்பி." நானும் தொட்டேன். பாதி சுத்து வழுக்கிட்டு வருது, அப்புறம் சுருக்குன்னு ஒரு பிடி. கோன் மாட்டுற கம்பி சாஞ்சு, கோன் உச்சி ஒரு பக்கம், மேல நூல் போற ஓட்டை ஒரு பக்கம். கம்பியை நிமிர்த்தி, அடியில ஒரு கம்பளித் துண்டை வெட்டிப் போட்டார். அம்புட்டுத்தான். அந்த மயில் முடியிற வரைக்கும் அறுக்கலை.

குமிழ் இருக்கிற உயரத்துக்கு மேல அந்த சர்வீஸ்காரர் கண்ணு ஏன் போகலைன்னுதான் எனக்கு இன்னும் ஆறலை.

வில்லாபுரம் ஜரி வேலை

அண்ணே, பாலியெஸ்டர் நூலுக்கு உங்க கதை சரி. ஜரிக்கு கம்பி கோயில் கொடிமரமா நேரா நின்னாலும் அறுக்கும்.

கோன் நட்டமா நிக்கிறப்ப நூல் தலைக்கு மேலதான் கழலுது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு கூடுதலா ஏறும். பாலியெஸ்டர் அதைத் தாங்கிக்கும், தட்டை இழை சுத்தின ஜரி தாங்காது. எங்க ஆபரேட்டர் அக்காதான் அதை முதல்ல கண்ணால பிடிச்சது. ஸ்டாண்டுக்கும் மேல் ஓட்டைக்கும் நடுவுல நூல் தன்னைத்தானே சுத்திக்கிட்டு ஒரு குட்டிச் சுருள் விழுது. "ஏறுது, ஏறுது, நிறுத்துங்க"ன்னு அக்கா கத்துது. என் கை பட்டனுக்குப் போறதுக்குள்ள அது ஓட்டை வாசல்ல முட்டி டப்புன்னு போச்சு. நாள் பூரா அறுந்ததுக்குக் காரணம் அந்த ஒரு நொடியில தெரிஞ்சுபோச்சு.

வெல்டிங் பட்டறையில ஒரு ஆங்கிள் அடிச்சு, சைக்கிள் ஸ்போக்கை அச்சாப் போட்டு, ஜரி ஸ்பூலைப் படுக்க வச்சோம். இப்ப ஸ்பூலே உருளுது, முறுக்கு ஏறுறதில்லை. ஒண்ணு கவனிக்கணும்: மெஷின் நிக்கும்போது ஸ்பூல் நிக்காம நூலைத் தள்ளி விடும். பக்கத்துல ஒரு ஃபெல்ட் (கம்பளித் துண்டு) வளையம் போட்டா லேசா பிடிக்கும். வேகம் நிமிஷத்துக்கு 600 தையலுக்கு மேல போறதில்லை.

பழைய மெக்கானிக், மேலூர்

ஜெய்ஹிந்த்புரம் தம்பிக்கு: சாஞ்ச கம்பியைக் கையால நிமிர்த்துறது வைத்தியம் இல்லை. முக்காவாசி நேரம் கம்பி வளைஞ்சிருக்காது, அடியில நட்டுதான் தளர்ந்திருக்கும். மெஷின் அதிர்வுல மறுபடி சாயும். பெரியவரைக் குறை சொல்லலை, தறிக்காரருக்கு நூல் தெரியும், நட்டு தெரியணும்னு இல்லை. சர்வீஸ்காரங்க எல்லாரையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க.

என் கதை சின்னது. புது மெஷின், ஒரு வாடிக்கையாளர் இடத்துல. எல்லா ஹெட்டும் அறுக்குது, முதலாளி நூல் கம்பெனியை வைஞ்சுகிட்டு இருக்கார். கோனுக்கு மேல போற கம்பிச் சட்டத்தை மாட்டினவன் அரை இடம் தள்ளி மாட்டியிருந்தான். ஒரு கோன் நூல்கூட நேரா மேல போகலை. நான் ஸ்பேனரை எடுத்ததும் முதலாளி நூல் டப்பாவை முதுகுக்குப் பின்னாடி மறைச்சார்.

எல்லாருக்கும் சொல்றேன், செஞ்சு பாருங்க. மெஷினை ஆஃப் பண்ணிட்டு, மேல் ஓட்டையில இருந்து ஒரு நூல்ல நட்டைக் கட்டித் தொங்கவிடுங்க. அது கோன் உச்சிக்கு நேரா நிக்கணும். நிக்கலைன்னா சட்டத்தை நகர்த்துங்க, கோனை நகர்த்தாதீங்க. கோன் அடி தட்டுல முழுசா உட்காரணும். 5000 மீட்டர் கோன் பாதி தீர்ந்ததும் எடை குறைஞ்சு ஆட ஆரம்பிக்கும், ஃபெல்ட் தேய்ஞ்சிருந்தா இன்னும் மோசம். சின்ன ஸ்பூல்ல நூல் சொருகுற வெட்டு இருக்கில்ல, அது கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேல இருந்தா நூல் அதுலயே மாட்டும். ரேயான் நூல் வழுக்கிக் கீழ விழுந்து கம்பியைச் சுத்திக்கும், அந்தக் கோனுக்கு மேல வலை போடுங்க. ஆனா இறுக்கமான வலை போட்டா அதுவே ஒரு டென்ஷன். நூல் போற பைப்புல பஞ்சு அடைச்சா காத்து அடிங்க. இம்புட்டும் பார்த்த பிறகுதான் குமிழ். சாட்டின் தையலை (நெருக்கமா பக்கம் பக்கமா போற தையல்) திருப்பிப் பார்த்தா நடுவுல மூணுல ஒரு பங்கு பாபினோட வெள்ளை அடிநூல் தெரியணும். குமிழைத்தான் எல்லாரும் முதல்ல திருகுறீங்க.

ஜெய்ஹிந்த்புரம் பிளவுஸ் கடை

மெக்கானிக் அண்ணே, நட்டை நான் பார்க்கலைன்னு யார் சொன்னது? அது இறுக்கமாத்தான் இருந்துச்சு. யாரோ கோன் மாத்துறப்ப முழங்கை பட்டு வளைஞ்ச கம்பி. நான் சர்வீஸ்காரங்க எல்லாரையும் சொல்லவும் இல்லை, ஒருத்தரைச் சொன்னேன்.

உசிலம்பட்டி ரோடு

சண்டை வேண்டாம்ணே. எங்க கதையில வில்லன் ஃபேன்.

ஆடிக் காத்து, ஜன்னலும் திறந்திருக்கு, மேல ஃபேனும் சுத்துது. மெஷின் நாலாம் ஊசி அறுந்துச்சுன்னு நிக்குது. கோத்து விடுறோம், கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நாலுன்னே காட்டுது. நாலாம் கோன், நாலாம் டென்ஷன், நாலாம் ஊசி எல்லாம் சுத்தம். கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும்தான் கண்ணுல பட்டுச்சு: அஞ்சாம் கோனோட சிவப்பு நூல் வால் பறந்து வந்து நாலாம் கோனோட பச்சை நூல்ல ஏறி, ஓட்டைக்கிட்ட ஒரு முடிச்சா உட்கார்ந்திருக்கு. மெஷின் பொய் சொல்லலை, அறுந்தது நாலுதான். அறுத்தது அஞ்சு. ஓடாத ஊசியோட நூல் வாலைத் தொங்க விடாதீங்க.

திருநகர், வீட்டு மெஷின்

என்கிட்ட இருக்கிறது ஒரு ஹெட், 15 ஊசி. சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னாடி, புதுமண்டபத்துல தைச்சு இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின டெய்லர் ஒருத்தர், அழகர் வேஷ உடுப்போட வந்தார். இடுப்புத் துணியில "ஸ்ரீ கள்ளழகர் துணை" போடணும். கலர் ஒத்துப்போகணும்னு தையல் மெஷின் நூல்கண்டையே கொண்டு வந்துட்டார்.

பெரிய கோன் கம்பியில சின்னக் கண்டு நிக்குமா? "ள்ள" வந்தப்ப கம்பியில தாவித் தாவி ஏறி எகிறி அவர் மடியில விழுந்துச்சு. அவர் அசரலை. "தங்கச்சி, ஒரு டம்ளர் குடும்மா"ன்னார். தண்ணி கேட்கிறார்னு மோந்து கொடுத்தா, குடிச்சு முடிச்சு, வேட்டியில துடைச்சு, அதுக்குள்ள கண்டைப் போட்டு, மேல் ஓட்டைக்கு நேர் கீழே கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். எவர்சில்வர் டம்ளர் கடகடன்னு ஆட, "துணை" முடியிற வரைக்கும் கையை எடுக்கலை. எழுத்து அவ்வளவு சுத்தமா வந்துச்சு.

பழைய மெக்கானிக், மேலூர்

டம்ளர்ல துரு, விளிம்புல பிசிறு இருந்தா நூலைக் கிழிக்கும்மா. சின்னக் கண்டுக்குன்னே கம்பியில சொருகுற பிளாஸ்டிக் குழாய் விக்குது, வாங்கி வச்சுக்குங்க.

வில்லாபுரம் ஜரி வேலை

அக்கா, அந்த டம்ளர்ல ஜரி ஓட்டிப் பார்த்தீங்களா?

திருநகர், வீட்டு மெஷின்

பார்த்தேன் தம்பி. அதுலயும் நூல் தலைக்கு மேலதானே கழலுது, நீங்க சொன்ன அதே சுருள் விழுந்துச்சு. அந்த ஸ்போக் வச்ச ஆங்கிளை ஒரு போட்டோ போடுங்க, இங்க பட்டறைக்காரர்கிட்ட காட்டணும். அளவும் சேர்த்துச் சொல்லுங்க.